சாவி வீடு

என் மகன் வீட்டுக் கதவுக்குச் சாவி கிடையாது. ஓசூரில் இப்போது வரிசையாக எழும்பி நிற்கும் அடுக்குமாடிகளில் அதுவும் ஒன்று. கதவில் நான்கைந்து எண்களை அழுத்தினால் தானாகத் திறந்துகொள்ளும். "சாவி தொலையுற தொல்லையே இல்லம்மா" என்று பெருமையாகச் சொன்னான். போன மாதம் ஒரு பகலில் கறிவேப்பிலை வாங்கக் கீழே போய்விட்டு வந்து எண்களை அழுத்துகிறேன், கதவு 'பீப் பீப்' என்று என்னைத் திட்டுகிறது. மறுபடி அழுத்தினால் மறுபடியும் அதே திட்டு. வீட்டு வேலை செய்துவந்த பெண்ணை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு எண் தெரியும் என்பதால் அதை மாற்றிவிட்டார்களாம். எனக்குச் சொல்ல மறந்துவிட்டார்களாம். கறிவேப்பிலையும் கையுமாகப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மகன் போனில் புது எண்ணைச் சொன்னான். நூறு முறை சாரி கேட்டான். பாவம், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. என் வீட்டுக் கதவு என்னையே வெளியே நிறுத்துவது எனக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை நடந்தது நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷத்தில். அதைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். என் வயதுக்காரர்களுக்குத்தான் அது புரியும். எண் அழுத்திப் பழகிய பிள்ளைகளிடம் சாவியைப் பற்றிப் பேசி என்ன பிரயோஜனம்?

நம் காலத்துச் சாவிகளை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் உள்ளங்கையில் ஏறும் அந்த இரும்பு வாடை. இடுப்பில் செருகிச் செருகி அம்மாமார்களின் புடவையில் விழுந்திருக்கும் துருக்கறை. மழைக்காலத்தில் பூட்டு இறுகிக்கொண்டால் பென்சில் முனையைச் சீவி அந்தக் கரித்தூளை உள்ளே ஊதுவோம். தேங்காய் எண்ணெய் விட்டால் எங்கள் அப்பா கத்துவார், "தூசி ஒட்டிக்கும், அறிவிருக்குதா?" என்று. அவர் கம்பெனியிலிருந்து பஞ்சுநூல் கழிவில் நனைத்துக் கொண்டுவரும் மெஷின் ஆயில்தான் பூட்டுக்கு விடவேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்துப் பார்ப்பது எல்லா வீட்டிலும் உண்டு. அப்பாவுக்கு அது போதாது. தெருமுனைவரை சைக்கிள் மிதித்துப் போனபிறகு சந்தேகம் வந்து, திரும்பி வந்து, இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்ட ஜாக்கிரதைக்காரர்.

அப்போது நாங்கள் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் கம்பெனி வேலைக்காக இறங்கி வந்தவர்கள். தன் நிலத்தில் பாதியைக் கம்பெனிக்கு விற்ற ஒரு தெலுங்குக்காரர் மீதி இடத்தில் ஒரே கூரையின் கீழ் நான்கு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். முதல் வீடு எங்களுடையது. இரண்டாவதில் அத்தையும் அவர் வீட்டுக்காரரும். மூன்றாவதில் ஒரு திருநெல்வேலித் தம்பதி, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். கடைசி வீட்டில் கம்பெனிப் பையன்கள். வீட்டில் இருந்தால் தூங்குவார்கள், எழுந்தால் கிளம்பிவிடுவார்கள்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். மாமா ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி பிடித்து பெங்களூருக்கு லாரி ஏற்றுகிறவர். விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பிள்ளைகள் இல்லை. லைனிலேயே பகல் முழுக்க வீட்டில் இருக்கிற ஒரே ஆள் அத்தைதான். அதனால் எல்லோரும் வீட்டைப் பூட்டி ஒரு சாவியை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஷிப்ட் மாறி மாறிப் போகிற ஊரில் யார் எப்போது வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அத்தை வீட்டு நிலையை ஒட்டிய சுவரில் நான்கைந்து ஆணிகள் இருக்கும். தெருவில் எங்கள் லைனை அடையாளம் சொல்லவே 'சாவி வீட்டுக்குப் பக்கத்துல' என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் சாவியில் அம்மா அவள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பச்சை ஒயரைச் சுற்றியிருந்தாள். பூட்டோடு வந்தவை மூன்று சாவிகள். அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று, மூன்றாவது அத்தையின் ஆணியில் எனக்காக. நான்கு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆணியில் தொங்குவதை எட்டி எடுக்கப் போனால் அத்தை கையைத் தட்டிவிடுவாள்.

"சாவிய ஆணியில இருந்து எடுக்கக் கூடாது கண்ணு. குடுத்தவங்க கையில குடுத்தாங்க, வாங்குறவங்க கையில வாங்கணும்."

அது அத்தையின் சட்டம். இன்னொரு சட்டமும் இருந்தது. வீட்டு ஆட்கள் இல்லாத வீட்டுக்குள் கால் வைக்கமாட்டாள். எங்கள் அம்மா இல்லாத நேரத்தில் ஒருநாளும் எங்கள் வாசல்படியைத் தாண்டி வந்ததில்லை. நோன்புக் கஞ்சி கொண்டுவந்தால்கூட படிக்கு வெளியிலேயே நின்று, "ஏனத்த எடுத்தா" என்பாள். நான் போய்ப் பாத்திரம் கொண்டுவந்தால் ஊற்றிவிட்டுத் திரும்பிவிடுவாள்.

உண்மையில் நான் வீட்டைத் திறந்து பையை எறிந்துவிட்டு மறுநிமிஷம் அத்தை வீட்டுக்குத்தான் ஓடுவேன். உப்பு மிளகாய்த்தூள் தொட்ட தக்காளி, லைனில் வேறு யார் வீட்டிலும் இல்லாத பட்டை தட்டிப் போட்ட டீ, அதில் முக்கியெடுத்த பன். வீட்டுப் பாடம் அங்கேதான். எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை என்று என்னைவிட அவள்தான் அதிகம் கவலைப்பட்டாள். அம்மா ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்வரை அதுதான் என் வீடு. அம்மாவும் அவளை 'அக்கா, அக்கா' என்றுதான் உருகுவாள்.

அந்த வருஷம் வெயில் ஏறத் தொடங்கிய சமயம். அப்பா ஒருநாள், "என்னை ஜெனரல் ஷிப்டுக்கு மாத்திட்டாங்க. இனிமே நைட்டெல்லாம் கிடையாது" என்றார். எங்களுக்குக் கொண்டாட்டம். அம்மா ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவாள். அப்பா நீலச் சட்டை போட்டு, டிபன் கேரியரை சைக்கிளில் மாட்டி, வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போவார். சாயங்காலம் அம்மா வந்த கொஞ்ச நேரத்தில் அவரும் வந்துவிடுவார்.

அதற்குப் பிறகுதான் அம்மா முகத்தில் ஒரு யோசனை வந்தது. பானையில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்றாள். பாய் சுருட்டிய விதம் தன் சுருட்டல் இல்லை என்றாள். ரேடியோ முள்ளைத் தமிழில் வைத்துவிட்டுப் போனால் வரும்போது கன்னடத்தில் நிற்கிறது என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே, "உனக்குப் பிரமை புடிச்சிருக்குது" என்றார்.

ஒரு சாயங்காலம் அம்மா அடுப்படியில் கவிழ்ந்திருந்த டம்ளரை எடுத்து முகர்ந்தாள். அப்பாவிடம் நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

"இன்னாது?"

"பட்டை போட்ட டீ. இந்த லைன்ல யாரு வூட்டு டீ இது? நாம இல்லாதப்ப உள்ள வந்து ஒக்காந்து, ரேடியோ போட்டுக்கினு, டீ குடிச்சிட்டுப் போறாங்க. சாவி மூணுதான். ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு என்கிட்ட. மூணாவது எங்க கீது?"

நான் வாய்ப்பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். அத்தை அப்படி வரவே மாட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். "பெரியவங்க பேசுறப்ப நீ இன்னா?" என்று அம்மா அடக்கிவிட்டாள். அப்பா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவ்ளோ சந்தேகமா இருந்தா பூட்ட மாத்திட்டாப் போவுது" என்றார்.

ஆமாம், அதைச் சொன்னது அப்பாதான்.

இரண்டு நாள் கழித்து, காலையில் கிளம்பும்போது, "நீ முன்னால நடந்துகினு இரு, பின்னாலயே வரேன்" என்றார். என்றும் இல்லாத வழக்கம். நான் கல்லை எத்திக்கொண்டே நடந்தேன். முனையில் வந்து ஏற்றிக்கொண்டார். பள்ளிக்கூட வாசலில் என் தலையைத் தடவினார். அந்தத் தடவலை நான் அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எதற்கென்று இப்போது தெரிகிறது. சொல்லவேண்டியதைச் சொல்லாமல் தடவிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் அத்தை ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் ஓடிப்போய்ப் பூட்டில் நுழைத்தேன். நுழையவில்லை. திருப்பி நுழைத்தேன். நுழையவில்லை. வெயில் கண்ணில் குத்தியதால் அதுவரை நான் பூட்டைச் சரியாகப் பார்க்கவே இல்லை. ஓடிவந்தேன்.

"அத்தை, சாவி போக மாட்டேங்குது."

"கோணலா வெச்சிருப்ப. இரு, பென்சில எடுத்துகினு வா" என்று சிரித்தபடி எழுந்து வந்தாள்.

எங்கள் வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். கதவில் தொங்கியது எங்கள் பழைய பூட்டு இல்லை. பெரிய, புதுப் பித்தளைப் பூட்டு, கடை எண்ணெய்ப் பிசுக்குகூடப் போகாமல் மின்னியது. அத்தை பூட்டைப் பார்த்தாள். கையில் இருந்த பச்சை ஒயர் சாவியைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் பென்சிலை நீட்டிக்கொண்டே நிற்கிறேன்.

"வேணாம் கண்ணு. அம்மா வரட்டும்" என்றாள்.

அன்றைக்கும் பன் கொடுத்தாள், டீ கொடுத்தாள். வாய்ப்பாடு மட்டும் கேட்கவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது, எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று புரிந்தது. அத்தையிடம் நான் உளறிவிடுவேன் என்றுதான் சொல்லவில்லை என்று பிற்பாடு அம்மாவே ஒத்துக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளை நடுத்தெருவில் நிற்பாளே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா வந்தாள். அத்தை வீட்டுப் பக்கம் திரும்பாமலேயே, "ஏய், வா வூட்டுக்கு" என்று கத்தினாள். இடுப்பிலிருந்து புதுச் சாவியை எடுத்துத் திறந்தாள். அத்தை வெளியே வந்தாள்.

"தங்கச்சி, பூட்ட மாத்திட்டீங்களா?"

"ஆமா."

"இன்னாத்தக் காணோம்? சொல்லும்மா."

"ஏதோ காணோம்னு நான் சொன்னனா?"

'அக்கா' என்ற சொல் அம்மா வாயிலிருந்து காணாமல் போயிருந்தது. குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த திருநெல்வேலிக்காரம்மா, "நான் அன்னைக்கே சொன்னம்லா, சாவியெல்லாம் அடுத்தவ கையில குடுக்கப்பிடாதுன்னு" என்று தண்ணீரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். காலையில் அவள் வீட்டுச் சாவியும் அந்த ஆணியில்தான் தொங்கியது!

அந்த நேரத்தில் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். நீலச் சட்டை, டிபன் கேரியர். அத்தை அவரைப் பார்த்தாள். சும்மா பார்க்கவில்லை. அவர் ஏதோ சொல்லப்போகிறார், சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிற மாதிரிப் பார்த்தாள். அம்மா பார்த்தாள், குழாயடி பார்த்தது, நானும் பார்த்தேன். அப்பா சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார். குனிந்து பூட்டினார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"விடுங்கக்கா. பொம்பளைங்க சமாச்சாரத்துல நான் இன்னா பேசுறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அத்தை பச்சை ஒயர் சாவியை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கை நீட்டவில்லை. சாவியைக் கையில்தான் கொடுக்கவேண்டும் என்று என் கையைத் தட்டித் தட்டிச் சொன்ன அத்தை, குனிந்து அதை எங்கள் வாசல்படியில் தரையோடு வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து என் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் புதுச் சாவி. வந்ததும் திற, உள்தாழ்ப்பாள் போடு, யார் கூப்பிட்டாலும் திறக்காதே. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். பட்டை வாசனை வரும். நான் தனியாக உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்வேன், அவள் காதில் விழட்டும் என்று. அவளும் கேட்டிருப்பாள் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். திருநெல்வேலிக்காரம்மா தன் சாவியை வாங்கிக்கொண்டாள். கம்பெனிப் பையன்களும் வாங்கிக்கொண்டார்கள். ஆணிகள் காலியாகின.

இத்தோடு முடிந்திருந்தால் எங்கள் அம்மாவைச் சந்தேகக்காரி என்று சொல்லிவிட்டு நான் மன்னித்திருப்பேன். முடியவில்லை. பூட்டு மாற்றி ஒரு வாரம் ஆகியிருக்கும். அம்மா வேலையிலிருந்து வந்து பானை மூடியைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். தண்ணீர் குறைந்திருந்தது. அன்று நான் பானைப் பக்கமே போகவில்லை. முந்தின நாள் அப்பா கழற்றிக் கொடியில் போட்டிருந்த நீலச் சட்டையை எடுத்து முகர்ந்தாள். அதில் மெஷின் ஆயில் வாசனையே இல்லை. சோப்பு வாசனைதான் இருந்தது. மறுபடியும் கொடியிலேயே போட்டுவிட்டாள்.

அப்பாவுக்கு வேலை போயிருந்தது. சூப்பர்வைசரோடு வாய்த்தகராறு, வெளியே அனுப்பிவிட்டார்கள். ஜெனரல் ஷிப்ட் என்பதெல்லாம் கதை. என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, நேரே வீட்டுக்கு வந்து படுத்துக்கிடந்து, நான் வருவதற்குள் பூட்டிக்கொண்டு கிளம்பி, எங்கேயோ சுற்றிவிட்டு ஆறு மணிக்கு மேல் வந்திருக்கிறார். ஷிப்ட் ஊரில் ஓர் ஆண்பிள்ளை பகலில் வீட்டில் இருந்தால் யார் ஏன் என்று கேட்கப்போகிறார்கள்? அம்மாவுக்கு அன்றே எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் முதல், ஒரு தட்டில் சோறு வைத்து மூடிவிட்டுப் போக ஆரம்பித்தாள். சாயங்காலம் அந்தத் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். அதைப் பார்த்துத்தான் நானும் தெரிந்துகொண்டேன்.

அப்போதும் அத்தை பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். நடுவில் ஒரு சுவர். அம்மா ஒரு எட்டு போய், "அக்கா, தப்பு என்மேல" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பாவின் வேலை போனது லைனுக்கே தெரிந்துவிடும். அதனால் போகவில்லை. குடும்ப மானமாம். அத்தையின் மானத்துக்கு அவர்கள் இருவரும் சேர்ந்து பூட்டுப் போட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன். யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

மழை தொடங்குவதற்குள் அத்தையும் மாமாவும் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். ராயக்கோட்டைக்குப் போனதாகச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அத்தை வீட்டுக் கதவில் வீட்டுச் சொந்தக்காரரின் பூட்டு தொங்கியது. சன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன.

அப்பாவுக்குப் பிறகு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. நானும் போச்சம்பள்ளியில் வேலை பார்த்து, கல்யாணம் ஆகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். அம்மா முன்னாலேயே போய்விட்டாள். அப்பா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தார். பேரன் பெயர் மறந்துவிடும். கதவைப் பூட்டியதும் இழுத்துப் பார்ப்பது மட்டும் மறக்கவில்லை. ஒரு சாயங்காலம் அவருக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். என்னவோ அன்று கேட்கத் தோன்றியது.

"அப்பா, அப்ப நீ பகல்ல வூட்ல இருந்தது அத்தைக்குத் தெரியுமா?"

யோசித்தார். முகம் மலர்ந்தது.

"தெரியாம? தெனமும் அவங்கதான் டீ போட்டுக் குடுத்தாங்க. நம்ம டம்ளர எடுத்துகினு போய் அவங்க வாசல்ல நின்னு வாங்கிக்குவேன். வேலை போன விசயத்த யார்கிட்டயும் சொல்ல வேணாங்க்கான்னு கேட்டுகினேன். கடைசி வரைக்கும் சொல்லலியே! நல்ல பொம்பளம்மா."

அம்மா முகர்ந்து பார்த்த டம்ளர் என் கண் முன்னால் வந்தது. அத்தையைக் குற்றவாளி ஆக்கியது அவள் கொடுத்த டீயேதான். இன்னொன்றும் கேட்டேன்.

"பூட்டு மாத்துன அன்னிக்கு?"

"அன்னிக்குந்தான். புதுப் பூட்டத் தொறந்து உள்ள போயி, டம்ளர எடுத்தாந்து வாங்கிக் குடிச்சேன்" என்றார். பிறகு ஞாபகம் வந்தவராக, "அன்னிக்குச் சக்கரை கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு" என்றார்.

டீக்காகக் கையை நீட்டினார். நான் டம்ளரை அவர் கையில் கொடுக்கவில்லை. குனிந்து, தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.